தரையில் இறங்கிய தேர்
இருண்ட காவியங்கள் நம் பிள்ளைகளை ஏன் இழுக்கின்றன?

மாட்டுங்கா, செம்பூர் பக்கம் நம்மவர் வீட்டுப் புத்தக அலமாரிகளைப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். மேல் தட்டில் அப்பா வாங்கிய பொன்னியின் செல்வன். கீழ்த் தட்டில் பிள்ளை வாங்கிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். "இதுல நல்லவன் யாரு, கெட்டவன் யாருன்னே தெரியலையே, அப்படி என்னதான் இருக்கு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை மேல் தட்டிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் கீழ்த் தட்டு. 1996-ல் வெளிவந்த 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலில், நேர்மையாளனான நெட் ஸ்டார்க்கின் தலை முதல் பாகத்திலேயே உருண்டுவிடுகிறது. சிறுவன் ஒருவனைக் கோபுரத்திலிருந்து தள்ளிவிடும் ஜேமி லானிஸ்டரை நாம் வெறுக்கிறோம். 2000-ல் வந்த மூன்றாம் பாகத்தில் கதை அவன் பார்வையிலும் நகர்கிறது. மன்னனைக் கொன்ற துரோகி என்று ஊர் தூற்றும் அவன், அந்த மன்னன் நகரத்தையே எரிக்கத் துணிந்ததால்தான் கொன்றான் என்று தெரிகிறது. சிறுவனுக்குச் செய்த கொடுமை அழிந்துவிடவில்லை. நம் வெறுப்புதான் முன்போல் சுலபமாக இல்லை.

ரத்தமும் சூழ்ச்சியும்தான் இவற்றின் கவர்ச்சி என்பது பாதி உண்மை. நல்லவனை ஆசிரியர் எப்படியும் காப்பாற்றிவிடுவார் என்ற உறுதி இங்கே இல்லை. ஆகவே ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலைதான் மீதிப் பாதி.

இது நமக்குப் புதிதா? துரோணரை வீழ்த்தத் தருமன் ஒரு பாதிப் பொய் சொல்கிறான். அதுவரை மண்ணைத் தொடாமல் ஓடிய அவன் தேர், அந்த நொடியில் தரையில் இறங்கிவிடுகிறது. பீமன் போர்முறையை மீறித் துரியோதனன் தொடையில் அடிக்கிறான். அன்றிரவே அசுவத்தாமன், தூங்கும் பிள்ளைகளைக் கொல்கிறான். தமிழகத்தின் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாப் படுகளத்தில், மண்ணால் செய்த துரியோதனனுக்கும் ஒப்பாரி உண்டு. வில்லனுக்காகவும் அழத் தெரிந்த சமூகம் நம்முடையது.

நவீன இந்திய நாவலும் இந்த இடத்தைத்தான் தேடிப் போயிருக்கிறது. நாம் வாழும் மராட்டிய மண்ணில் சிவாஜி சாவந்த் கர்ணனை வைத்து 'மிருத்யுஞ்ஜய்' எழுதினார் (1967). கன்னடத்தில் பைரப்பாவின் 'பர்வ' (1979) பாவண்ணன் மொழிபெயர்ப்பில் 'பருவம்' என்று தமிழுக்கு வந்தது. மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் பீமனின் மனக்குறையை 'ரண்டாமூழம்' (1984) ஆக்கினார். தமிழில் எஸ். ராமகிருஷ்ணனின் 'உப பாண்டவம்' உண்டு. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை தினம் ஓர் அத்தியாயமாக 26 நாவல்கள் கொண்ட 'வெண்முரசு' எழுதி முடித்தார். மார்ட்டினின் தொடரோ 2011-ல் ஐந்தாம் பாகத்தோடு நிற்கிறது. வெண்முரசில் ஒரு குறையும் உண்டு. அதன் அடர்ந்த தமிழ், எழுத்துக் கூட்டிப் படிக்கும் மும்பைப் பிள்ளைக்கு முதல் பக்கத்திலேயே மலையாக நிற்கும்.

அதற்குக் கல்கியே நல்ல வாசல். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனை வீரதீரக் கதையாக மட்டும் நினைக்கிறோம். ஆனால் அதில் மறக்க முடியாதவள் நந்தினி. தான் கெஞ்சியும் கேளாமல் வீரபாண்டியன் தலையைக் கொய்த ஆதித்த கரிகாலன்மேல் அவளுக்குள்ள பகையில் நியாயமே இல்லையா? உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கல்கியோ கொன்ற கை எதுவென்பதைப் புகைமூட்டமாகவே விட்டார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாம் விவாதிப்பது அந்தப் புகையைப் பற்றித்தானே!

மும்பைத் தமிழருக்கு இதை விளக்க இன்னொரு உதாரணமும் போதும். மாட்டுங்கா, தாராவி வட்டாரத்தில் கோலோச்சிய வரதராஜ முதலியாரின் வாழ்க்கையிலிருந்து உருவானது 1987-ல் வந்த 'நாயகன்'. முடிவில் பேரன், தாத்தா நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான். அவருக்கே விடை தெரியவில்லை. வரதராஜ முதலியாரைப் பற்றி நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உதவியையும் சொல்வாங்க, பயத்தையும் சொல்வாங்க. இரண்டும் உண்மை.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். எல்லாரும் அயோக்கியர்தான், ஆகவே அறம் என்று ஒன்றில்லை என்று முடிக்கிற கதைகளும் இந்த வகையில் நிறைய வருகின்றன. அவை சாம்பல் நிறம் அல்ல, வெறும் கறுப்பு. வித்தியாசம் தருமனின் தேரில் இருக்கிறது. ஜெயித்தவன் பக்கமே நின்றாலும், அவன் பொய்க்குத் தேரைத் தரையில் இறக்கிவிடுகிறவன் பெரிய கதைசொல்லி. பொய்யும் சொல்லி, தேரும் பறந்துகொண்டே இருந்தால் அது வெறும் தந்திரக் கதை.

நம் பிள்ளைகளுக்குத் தருமன் நல்லவன், துரியோதனன் கெட்டவன் என்று சப்பென்று சொல்லி முடித்துவிடுகிறோம். சிக்கலான மனிதர்களைத் தேடி அவர்கள் இங்கிலீஷுக்குப் போகிறார்கள். போகட்டும், தப்பில்லை. ஆனால் தமிழில் சிக்கலே கிடையாது என்று நினைத்துவிட்டால் இழப்பு அவர்களுக்குத்தான். அடுத்த விடுமுறையில் நந்தினி வரும் அத்தியாயங்களை நாம் வாய்விட்டுப் படிப்போம், அவர்கள் கேட்கட்டும். "அவ செஞ்சது சரியாப்பா?" என்று கேட்டால், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.