ஸ்பிண்டிலின் வேகமும் சீவலின் கணக்கும்

வீட்டு மேசையின்மேல் ஒரு சிறு சி.என்.சி. யந்திரத்தைச் சொந்தக் கையால் பூட்டி முடித்தவர், அதனுடன் வந்த மோட்டாரில் திருப்தியற்று வேறொரு ஸ்பிண்டில் வாங்கப் புறப்படும்போது, முதலில் அவர் கண்ணை நிறைப்பவை இரண்டு எண்கள்: நிமிடத்துக்கு 24,000 சுற்று, 2.2 கிலோவாட். எண் பெரிதாயின் பொருளும் உத்தமம் என்று கருதி, கைப்பணம் இடங்கொடுக்கும் எல்லைவரை சென்று வாங்கிவிடுவது இப்பொழுதுபோக்கில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அதை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதன் வேரில் உண்மையான ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை அறியாமலே பின்பற்றுகிறவர்கள் மிகுதி என்பதுதான் சங்கடம்.

வெட்டுவதற்குச் செலவாகும் சக்தி, கட்டரின் விளிம்பில் எழும் விசையையும் அந்த விளிம்பு ஓடும் வேகத்தையும் பெருக்கி வருவது. 6 மி.மீ. விட்டமுள்ள எண்ட் மில் 24,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 450 மீட்டர் செல்கிறது. அந்நிலையில் 500 வாட்டை வேலையில் இறக்கினாலும் எழும் விசை சுமார் 66 நியூட்டன், அதாவது ஏழு கிலோ பாரத்துக்கும் குறைவு. அதே சக்தியை 3,000 சுற்றில் இறக்கப் பார்த்தால் விசை எட்டு மடங்காகி 500 நியூட்டனைத் தாண்டும். டன் கணக்கில் எடையுள்ள வார்ப்பிரும்பு மில்லிங் யந்திரம் அதைப் பொருட்படுத்தாது. அலுமினியச் சட்டமும் பெல்ட்டும் பிளாஸ்டிக் சக்கரமும் கொண்டு எழுப்பிய நம் யந்திரமோ வளைந்து, அதிர்ந்து, வெட்டும் இடத்தை விட்டு விலகி நிற்கும். ஆகவே பலஹீனமான சட்டத்துக்கு அதிவேகம் ஆடம்பரமன்று. அது இல்லாமல் இந்த யந்திரங்கள் உருப்படியாக எதையும் வெட்டியிருக்கவே முடியாது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்த வேகத்துக்கு வட்டி கட்ட வேண்டியவை யந்திரத்தின் மற்ற அங்கங்கள். கட்டரின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுற்றிலும் ஓரளவு கனமுள்ள சீவலை எடுத்தாக வேண்டும். எடுக்காத பல் வெட்டுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்கும். அப்போது பிறக்கும் சூடு சீவலோடு வெளியேறாமல் அங்கேயே தங்கி, மரத்தைக் கருக்கும், அக்ரிலிக்கை உருக்கும், கட்டரின் முனையையும் மழுக்கும். இரண்டு பல் கட்டர், 24,000 சுற்று, பல்லுக்கு 0.05 மி.மீ. சீவல் என்று வைத்துக்கொண்டால், யந்திரம் நிமிடத்துக்கு 2,400 மி.மீ. நகர வேண்டும். 3018 என்று வழங்கும் சிறு யந்திரம் வெட்டிக்கொண்டே அப்படி ஓடும் என்பது வீண் ஆசை, 800 மி.மீ.யில் ஓட்டினால் சீவல் 0.017 மி.மீ. ஆக மெலிந்துவிடும். அதே 0.05 மி.மீ. சீவலை ஒற்றைப் பல் கட்டரைக் கொண்டு 10,000 சுற்றில் எடுப்பதற்கு 500 மி.மீ. நகர்ச்சி போதும். நானும் முதன்முதலில் அக்ரிலிக் தகடு வெட்டியபோது, வேகம் கூடக் கூட வெட்டு சுத்தமாகும் என்று நம்பி முழு வேகத்தில் விட்டு, கட்டரைச் சுற்றி உருகி உறைந்த கட்டியைச் சுரண்டி எடுப்பதில் ஒரு சாயங்காலத்தைக் கழித்தவன்தான்.

கிலோவாட் விஷயமும் இப்படியே. அலுமினியத்தில் வினாடிக்கு ஒரு கன மில்லிமீட்டரைப் பெயர்க்க, தாராளமாகக் கணக்கிட்டால், ஒரு வாட் போதும். 1 மி.மீ. ஆழம், 3 மி.மீ. அகலம், நிமிடத்துக்கு 1,000 மி.மீ. நகர்ச்சி என்பது மேசை யந்திரத்துக்கு மரியாதையான வெட்டு. அதற்கு வேண்டியது 50 வாட். எஞ்சியதைச் சட்டம் ஒருநாளும் பயன்படுத்தப் போவதில்லை. ஐந்து கிலோவை எட்டும் அந்த ஸ்பிண்டிலைச் சுமக்கும் சிரமம் மட்டும் செங்குத்து அச்சுக்கு நாள்தோறும் மிஞ்சும்.

பெரிய ஸ்பிண்டிலுக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். வேகத்தின் மேல்வரம்பைவிடக் கீழ்வரம்பே வாங்குகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது. அங்கேதான் அதன் உபரி வாட்டுகள் பிரயோஜனப்படுகின்றன. இந்த மோட்டார்களின் முறுக்குவிசை 24,000 சுற்றுக்குக் கீழே ஏறக்குறைய மாறாமல் நிற்பதால், சுற்றைக் குறைத்தால் வாட்டும் அதே விகிதத்தில் குறையும்: 2.2 கிலோவாட் 6,000 சுற்றில் 550 வாட்டாகவும், 800 வாட் வெறும் 200 வாட்டாகவும் நிற்கும். எஃகை 6 மி.மீ. கார்பைடு கட்டரால் வெட்ட விரும்புகிறவருக்கு உகந்தது 5,300 சுற்றளவே. ஆயினும் அந்த வேகத்தில் காற்றால் குளிரும் ஸ்பிண்டிலின் விசிறி, அதே தண்டில் சுழல்வதால், சோர்ந்துவிடும். தண்ணீரால் குளிர்வதற்கு அந்தத் தோஷம் இல்லை.

வேகத்தை மாற்றித் தரும் வி.எஃப்.டி. தனி ஒரு பொறி. இரண்டு துருவ மோட்டார் 24,000 சுற்றை எட்ட 400 ஹெர்ட்ஸ் வேண்டும். அதற்கெனச் சுற்றிய வயண்டிங்குக்கு 50 ஹெர்ட்ஸில் முழு 220 வோல்ட்டைக் கொடுத்தால் இரும்பு செறிந்து, மின்னோட்டம் பொங்கி, சில நேரத்திலேயே புகை எழும்பும். வி.எஃப்.டி.யில் அடிப்படை அதிர்வெண்ணை 400 என்று மாற்றாமல் முதல் நாளே ஸ்பிண்டிலைப் பலிகொடுப்பது இந்தப் பொழுதுபோக்கில் அபூர்வமன்று. விலை மலிந்த ஸ்பிண்டில்களில் எர்த் பின் உடலோடு இணைக்கப்படாமலே வருவதும் உண்டு; மல்டிமீட்டரை வைத்துப் பார்க்காமல் மின்சாரம் கொடுப்பது கூடாது.

விளம்பரத்தில் தடித்த எழுத்தில் வராத குணம் ஒன்று, எல்லாவற்றையும்விடப் பிரதானம் என்பேன்: கட்டர் எவ்வளவு நேராகச் சுழல்கிறது என்பது. டயல் வைத்துப் பார்க்கையில் 0.03 மி.மீ. ஆட்டம் காட்டும் ஸ்பிண்டிலில், 0.02 மி.மீ. சீவல் எடுக்கும் இரண்டு பல் கட்டரைப் பூட்டினால், ஒரு பல்லே முழு வேலையையும் செய்ய, மற்றது சும்மா சுற்றி வரும். ஒரு கிலோவாட்டை விட்டுக்கொடுத்து நல்ல பேரிங்கும் கட்டரைப் பிடிக்கும் நல்ல காலெட்டும் வாங்குகிறவரை நான் புத்திசாலி என்பேன். மின்சுற்றுப் பலகை செதுக்குகிறவருக்கு இது இருமடங்கு பொருந்தும், 0.1 மி.மீ. முனை 24,000 சுற்றிலும் நிமிடத்துக்கு ஏழரை மீட்டரே ஓடுவதால், எத்தனை வேகம் கொடுத்தாலும் அவருக்குத் தகும், ஆட்டம் மட்டும் தகாது.

மரம் மட்டுமே வெட்டுகிறவருக்கு, 10,000 முதல் 30,000 சுற்றுவரை ஓடும் கைரூட்டர் ஒன்றே பல ஆண்டுகளுக்குப் போதுமானது. தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றுவதும் பெரிய காரியமன்று. அதை விட்டு ஸ்பிண்டிலுக்கு மாற நான் ஒப்புக்கொள்ளும் ஒரே காரணம் அதன் கூச்சல்; அதுவும் பகலில் தூங்கும் இரவுப் பணிக்காரர் பக்கத்து வீட்டில் இருந்தால்.