காரியமும் கர்த்தாவும்: இராமாநுசர் மறுப்பில் ஒரு சொற்சிக்கல்

வேதார்த்த சங்கிரகம் திருவேங்கடமுடையான் திருமுன் இராமாநுசர் விளக்கியருளியது என்பது வைணவ மரபு. திருமலைக்கு இத்துணை நெருங்கிய அவ்வாசிரியர், இறைவனை அனுமானத்தால் நிறுவ இயலாது என ஸ்ரீபாஷ்யத்தில் வாதிடுவது பலருக்கு வியப்பளிக்கும்.

நியாய நூலார் வாதம் எளிது. மலை உறுப்புகளை உடையது. ஆதலின் குடம்போல அதுவும் காரியம். காரியத்திற்குக் கர்த்தா வேண்டும். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே ஆக்கப்பட்டன என்பதற்குச் சான்று யாது என இராமாநுசர் வினவுகிறார். குயவனுக்கு உடல் உண்டு, ஆற்றலுக்கு எல்லையும் உண்டு. உவமையை நம்பினால் அத்தகைய கர்த்தாவே கிடைப்பான். 1779இல் வெளிவந்த ஹியூமின் உரையாடல்களிலும் இவ்வகைத் தடையைக் காணலாம். ஆயின் இராமாநுசர் முடிபு வேறு: சாத்திரமே பிரமாணம். மெய்கண்டாரோ சிவஞானபோத முதற்சூத்திரத்திலேயே அனுமானத்தைக் கைக்கொள்கிறார்.

மொழிபெயர்ப்பாளர் இடறக்கூடிய இடம் ‘காரியம்’ என்னும் சொல். அதனைப் ‘படைப்பு’ என்றால், செயப்படுபொருள் குன்றா வினையடி படைத்தவனை முன்னரே உள்ளே கொணர்ந்துவிடுகிறது. நியாய நூலார்க்கு வாதிடாமலே வெற்றி. ‘விளைவு’ என்றாலோ, அது செயப்படுபொருள் குன்றிய வினையின் பெயராதலின் கர்த்தாவுக்கு இடமில்லை. அவர்தம் வாதம் பேதைமையாகத் தோன்றும். ‘செய்’ எனப் பொருள்படும் வடமொழி வேரினின்று பிறந்த ‘காரியம்’ இரண்டிற்கும் இடைப்பட்டது. வேர் கர்த்தாவைக் குறிப்பாகச் சுட்டும். வழக்கு அதனைக் கட்டாயமாக்காது. இரு சாராரும் வழக்காடுவது இவ்விடத்திலேயே. தனித்தமிழ் ஆர்வம் பிறவிடங்களில் போற்றத்தக்கது. இங்குக் கடன்சொல்லை அப்படியே வைப்பதே தகும். ‘கர்த்தா’வுக்கு மட்டும் தொல்காப்பியர் ஆளும் ‘வினைமுதல்’ தடையின்றிப் பொருந்தும்.