நாரிஸ்தானின் இலக்கணம்: ‘சுல்தானாவின் கனவு’ கதையில் பால்குறிப்பும் தமிழாக்கமும்

பெண்கள் ஆளும் வேற்றுலகம் ஒன்றைப் படைத்துக் காட்டிய இந்தியப் புனைகதைகளுள் காலத்தால் முற்பட்டவற்றுள் ஒன்று, ரொக்கேயா சகாவத் ஹொசைன் (1880-1932) ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’. வங்காளத்து ரங்கப்பூர்ப் பகுதியில் பிறந்து, பீகாரின் பாகல்பூரில் இல்லறம் நடத்திய ஆசிரியரின் இக்கதை முதலில் அச்சேறிய ஊர் சென்னை. கமலா சத்தியநாதன் 1901இல் தொடங்கிய ‘இந்தியன் லேடீஸ் மேகசீன்’ என்னும் ஆங்கில இதழில் 1905இல் அது வெளிவந்தது. 1908இல் கல்கத்தாவில் தனிநூலாயிற்று. பின்னர் ஆசிரியரே அதனை வங்காளத்தில் ஆக்கி, ‘மோதிசூர்’ இரண்டாம் தொகுதியில் (1922) சேர்த்தார். பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதிய ‘ஹெர்லேண்ட்’ 1915இல்தான் தொடராக வந்தது. இவ்விரண்டிற்கும் பத்தாண்டு இடைவெளி மட்டுமன்று, அடிப்படை வேறுபாடும் உண்டு. கில்மனின் நாட்டில் ஆண்களே இல்லை; ரொக்கேயாவின் நாட்டில் ஆண்கள் உள்ளனர், வீட்டுக்குள் அடைபட்டு உள்ளனர்.

கதை எளியது. கோஷாவில் வாழும் கதைசொல்லி தன் அறையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கையில் கண்ணயர்கிறாள். தோழி சாரா என்று அவள் எண்ணிய பெண்ணொருத்தி அவளை வெளியே அழைத்துச் செல்கிறாள். அங்குத் தெருக்களில் பெண்களே நடமாடுகின்றனர். வெயிலின் வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கின்றனர். வானிலிருந்து நேராக நீரைப் பெறுகின்றனர். அண்டை நாட்டுப் படையெடுப்பில் ஆண்படை தோற்றுத் தளர்ந்தபின், பல்கலைக்கழக முதல்வர் ஒருவர் 2,000 மாணவியருடன் களம் சென்று, குவித்த சூரியக் கதிர்களைப் பகைவர்மேல் திருப்பி வெல்கிறார். பெண்கள் களம் செல்லுமுன் ஆண்கள் அந்தப்புரத்துக்குள் புகவேண்டும் என்பது நிபந்தனை; புகுந்தவர்கள் பின்னர் வெளிவரவே இல்லை.

இக்கதையின் புதுமை இவ்வறிவியற் கருவிகளில் இருப்பதாகக் கூறுவது பெருவழக்கு. கருவிகள் வியப்புக்குரியனவே. ஆயினும் மொழிநூலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் முதன்மையாகப் படவேண்டியது வேறொன்று: இவ்வுலகம் தலைகீழாவது சொற்களின் பொருளில்தான். நாரிஸ்தானின் தெருவில் நாணித் தயங்கி நடக்கும் கதைசொல்லியைப் பார்த்து அங்குள்ள பெண்கள் அவள் ‘மேனிஷ்’ ஆகத் தோன்றுகிறாள் என்று நகைக்கின்றனர். அவளுக்குப் பொருள் விளங்கவில்லை, கேட்கிறாள். ஆண்களைப் போல் கூச்சமும் அச்சமும் உடையவள் என்பதே பொருள் என்று சாரா விளக்குகிறாள். ஒரே சொல்லை இரண்டு உலகத்தார் ஆள்கின்றனர். பொருள் மட்டும் எதிரெதிர்.

ஆங்கிலத்தில் அச்சொல் பெண்ணொருத்தியைக் குறை கூறும் அடை. அதற்குமேல் பெரும் எடையில்லை. தமிழில் நிலை வேறு. ‘ஆண்மை’ என்பது ஆணின் தன்மையை மட்டும் குறிப்பதன்று. வீரம், ஆளும் திறம் ஆகியனவும் அதன் அகராதிப் பொருள்கள். திருக்குறளில் பிறன்மனை விழையாமையைப் பேசுமிடத்தும் படைச்செருக்கைப் பேசுமிடத்தும் ‘பேராண்மை’ என்னும் சொல்லே வருகிறது. ஆகவே ‘உன்னிடம் ஆண்மை தெரிகிறது என்கிறார்கள்’ என்று சாரா கூறினால், தமிழ் வாசகர் அதனைப் பாராட்டாகவே கொள்வார். அடுத்த வரியில் ‘அதாவது கூச்சமும் பயமும்’ என்று வரும்போது ஆங்கில வாசகர் அடையாத அதிர்ச்சியை அடைவார். மூலத்தைவிடத் தமிழாக்கம் வலுப்பெறும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று. இவ்விடத்தில் ‘ஆண்களைப் போன்ற கூச்சம்’ என்று முதலிலேயே விரித்து எழுதிவிடும் மொழிபெயர்ப்பாளர், பொருள் தெளிவுக்காகக் கதையின் உயிரைக் கொடுத்துவிடுகிறார். கதைசொல்லிக்கு விளங்காமை வேண்டும். வாசகருக்கும் ஒரு கணம் விளங்காமை வேண்டும்.

ஆண்மை என்னும் சொல்லே பெண்ணை இழிவுபடுத்துவதாகக் கருதி, அது உலக வழக்கில் அழியவேண்டும் என ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் வாதிட்டார். ரொக்கேயா செய்தது மற்றொன்று. அவர் சொல்லை அழிக்கவில்லை. இருக்கவிட்டு, அதனுள்ளிருந்த வீரத்தை எடுத்துக்கொண்டு நாணத்தை வைத்தார். இதனைத் தமிழில் கொணர்பவர்க்கு ஒரு கடப்பாடு உண்டு. நாரிஸ்தானின் அரசியையோ முதல்வரையோ புகழுமிடத்து ‘ஆண்மை’ என்னும் சொல்லோ அதன் வழிவந்த எதுவுமோ தப்பித்தவறியும் நுழைந்துவிடலாகாது.

‘வீராங்கனை’யும் அவ்வளவு பொருத்தமில்லை. இக்கதைப் பெண்களின் வலிமை உடல்வலிமை அன்று. சிங்கம் மனிதனைவிட வலியது, அதனால் அது மனித இனத்தை ஆள்கிறதா என்பது சாராவின் கேள்வி. மூளையின் அளவைக் காட்டி வாதிட்டால் யானையின் மூளை ஆணின் மூளையைவிடப் பெரிது என்பது அவள் விடை. அறிவால் வெல்லுதலைக் குறிக்கச் ‘சூழ்ச்சி’ என்னும் பழஞ்சொல் மிகப் பொருந்தும்; குறளில் அது ஆய்ந்து எண்ணுதலையே குறிக்கிறது. ஆனால் இன்றைய வழக்கில் அச்சொல் சதி என்றாகிவிட்டது. ‘அரசியின் சூழ்ச்சி’ என்று எழுதினால் கதையின் நீதி கெடும்.

நாட்டின் பெயரும் சிக்கலானதே. ஆங்கிலத்தில் ‘லேடிலேண்ட்’ என்றிருந்ததை ஆசிரியர் வங்காளத்தில் ‘நாரீஸ்தான்’ என்றாக்கினார். பாரசீகக் கதைகளின் தேவதை நாடாகிய ‘பரிஸ்தான்’ இதில் எதிரொலிக்கிறது. தமிழில் கைக்கு எளிதாக வரும் பெயர் ‘அல்லி ராஜ்யம்’. இது ஏற்கத்தக்கதன்று. அல்லி அரசாணி மாலையில் பெண்ணரசு அர்ச்சுனனின் வஞ்சனைக்கு ஆட்படுவதற்காகவே எழுப்பப்படுகிறது. ‘அல்லி தர்பார்’ என்னும் பேச்சுவழக்கிலும் ஏளனமே தொனிக்கிறது. நாரிஸ்தானுக்குள் எந்த அர்ச்சுனனும் நுழைவதில்லை. ‘நாரிஸ்தான்’ என்றே வைத்துக்கொள்வது நன்று.

‘ஜெனானா’வுக்கு ‘அந்தப்புரம்’ என்று எழுதுவதும் முழு நிறைவு தராது. தமிழ்ச் செவிக்கு அந்தப்புரம் அரண்மனையையும் தோழியரையும் நினைவூட்டும். நடுத்தரக் குடும்பத்தின் அன்றாட அடைப்பு அதில் தெரிவதில்லை. சென்னையில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்ற பெயர் மக்கள் நாவில் வழங்கியதால், ‘கோஷா’ தமிழர்க்கு அயலான சொல்லன்று. ‘மர்தானா’வை மட்டும் மாற்றாமல் விடவேண்டும். அது ரொக்கேயா புனைந்த சொல் அன்று; வடநாட்டு இசுலாமியர் வீடுகளில் ஆண்கள் தங்கும் புறப்பகுதிக்கு வழங்கிவந்த பெயரே. கதையில் பெயர் மாறவில்லை. தாழ்ப்பாள் மட்டும் மாறியது.

இனி வினைமுற்று. வங்காளத்தில் படர்க்கைப் பெயர்களுக்குப் பால்வேறுபாடு இல்லை, வினைக்கும் இல்லை. ஆங்கிலத்தில் ஒருமைப் பெயரளவில் உண்டு. தமிழிலோ உயர்திணை ஒருமையில் பெயரும் வினையும் ஒருங்கே பால்காட்டும். ஆகவே ஆசிரியர் தம் கையாலேயே வங்காளத்துக்குக் கொண்டுசென்றபோது மறைந்த பால்குறிப்பு, தமிழுக்கு வரும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் ஒலிக்கும். நாரிஸ்தானில் ஆண்கள் பெரும்பாலும் கூட்டமாகவே பேசப்படுகின்றனர். அண்டை நாட்டு அரசன் போன்ற ஓரிருவர் தவிரத் தனி ஆண் இல்லை. எனவே ‘-ஆன்’ ஈறு பெரும்பாலும் இன்றியே பல பக்கங்கள் ஓடும். அடைபட்ட ஆண்கள் பலர்பாலில் கரைந்துவிடுவர். இவ்விளைவை வேண்டுமென்று திட்டமிட்டுப் பெறவியலாது. தமிழ் இலக்கணம் தானே தருகிறது. அரசிக்கும் முதல்வர்க்கும் ‘-ஆர்’ ஈறும், தோழி சாராவுக்கு ‘-ஆள்’ ஈறும் தருதல் இயல்பாக அமையும்.

பதவிப்பெயர்களில்தான் சரியான இடையூறு. சாரா தன் நாட்டின் வரலாற்றைச் சொல்லும்போது ‘லேடி பிரின்சிபல்’ என்றே சொல்கிறாள். அக்காலப் பெண்கள் கல்லூரிகளில் அது வழக்கமான பதவிப்பெயர் என்பது உண்மை. ஆனால் முதல்வர் எல்லாரும் பெண்களாகவே இருக்கும் நாட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த அடைமொழி எதற்கு? இங்கு ஆசிரியர் தாம் படைத்த உலகின் வழக்கை மறந்து தம் காலத்து வழக்கில் எழுதிவிட்டார் என்றே சொல்லவேண்டும். தமிழில் ‘பெண் முதல்வர்’ என்பது சொல்லுக்குச் சொல் சரி, கதைக்குத் தவறு. சாராவின் வாயில் ‘முதல்வர்’, ‘அறிவியலறிஞர்’, ‘ஆசிரியர்’ என்று பொதுப்பெயர்களே வரவேண்டும். வெளியுலகிலிருந்து வந்த கதைசொல்லி வியந்து பேசுமிடங்களில் ‘பெண்’ என்னும் அடை வரலாம். அவ்வாறு செய்யின் இருவரின் மொழியும் இருவேறு உலகங்களுக்குரியன என்பது வாசகர் அறியாமலே அவருக்குப் புலப்படும்.

இப்படைப்பின் குறையும் கூறத்தக்கது. சிறை இடிக்கப்படவில்லை, கைதிகள் மாற்றப்பட்டனர். பழிவாங்கும் இன்பம் கதையில் வெளிப்படையாகவே உள்ளது, அதுவே அதன் நகைச்சுவைக்கும் ஊற்று. ஆசிரியர் அவ்விடத்திலேயே நின்றுவிடவில்லை. 1924இல் வங்காளத்தில் வெளிவந்த ‘பத்மராக்’ நாவலில் கனவும் இல்லை, வேற்றுலகும் இல்லை. பல சமயத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ‘தாரிணி பவன்’ என்னும் இல்லமும் பள்ளியும் உள்ளன. தலைவி சித்திகா கணவனோடு சேர மறுத்துத் தன் வழி செல்கிறாள். அங்கு ஆண்கள் அடைபடவில்லை; தெருவில்தான் இருக்கிறார்கள், ‘-ஆன்’ ஈற்றோடு. ஒரு பெண் நிறுவனம் நடத்துவது அந்த உலகில் விதிவிலக்கு. எனவே நாரிஸ்தானில் விலக்கவேண்டிய ‘ஆசிரியை’, ‘பெண் மேலாளர்’ போன்ற வடிவங்களை இந்நாவலின் தமிழாக்கத்தில் தயங்காது ஆளலாம், ஆளவும் வேண்டும்.