மன்றாட்டு யாருடையது?

தமிழில் வாரந்தோறும் எழுதப்பட்டு, வாரந்தோறும் கோயில் நிறைந்த மக்கள் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டு, அன்று நண்பகலுக்குள் மறக்கப்பட்டுவிடும் உரைநடை வகை ஒன்று உண்டு. இலக்கிய வரலாற்று நூல்களில் அதற்கு இடமில்லை. திறனாய்வாளர் கண்ணில் அது படுவதுமில்லை. மறையுரை கேட்டு, நம்பிக்கை அறிக்கையைச் சொல்லி முடித்து, காணிக்கைப் பவனி தொடங்குமுன் ஐந்தாறு பேர் வரிசையாக வந்து ஒலிபெருக்கியின் முன் நின்று வாசித்துச் செல்லும் விசுவாசிகள் மன்றாட்டே அது. அதனை ஓர் எழுத்துப் படைப்பாகவே கொண்டு இங்குப் படித்துப் பார்க்க விழைகிறோம்.

இதற்குக் காரணம் உண்டு. திருப்பலியில் வரும் சொற்களில் மிகப் பெரும்பாலானவை திருச்சபை நமக்குக் கையளித்தவை. நற்கருணை மன்றாட்டிலோ திருவிருந்துச் சடங்கிலோ நாம் ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ இயலாது, கூடாது. இந்த ஒரு சிறு பகுதி மட்டுமே, பங்கு மக்கள் தாங்களே சொல்லெடுத்துத் தொடுக்கலாம் என்று நம் கையில் விடப்பட்டுள்ளது. விடப்பட்டதை நாம் என்ன செய்துவைத்திருக்கிறோம்?

வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். ஏறத்தாழ கி.பி. 155ஆம் ஆண்டளவில் உரோமை நகரில் இருந்து எழுதிய மறைசாட்சி புனித யுஸ்தின், ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, வாசகமும் அறிவுரையும் முடிந்தபின் எல்லாரும் ஒன்றாக எழுந்து நின்று வேண்டுதல் செய்வர் என்று குறிக்கிறார். தொடக்கத் திருச்சபையில், திருமுழுக்குப் பெறாதோர் இந்த வேண்டுதலுக்கு முன்னரே வெளியே அனுப்பப்பட்டனர். உள்ளே நின்று உலகத்துக்காகப் பரிந்து பேசுவது திருமுழுக்குப் பெற்றோரின் குருத்துவ உரிமை என்று கருதப்பட்டமையே காரணம். ‘விசுவாசிகள்’ என்னும் அடைமொழி அதற்கு வந்த வழி இதுதான். ஆறாம் நூற்றாண்டளவில் உரோமைத் திருவழிபாட்டிலிருந்து இது மறைந்தது. பெரிய வெள்ளியின் பெரு மன்றாட்டுகளில் மட்டும் தப்பிப் பிழைத்தது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியான திருவழிபாடு பற்றிய சங்க ஏடு, தன் 53ஆம் பிரிவில் இதனை மீட்டுத் தந்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்த வாய் திறக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

அதற்குத் தமிழில் நாம் சூட்டிய பெயரும் பொருள் நிறைந்தது. மன்று என்பது ஊர் கூடும் அவை. மன்றாடுதல் என்றால் அவையில் நின்று வழக்குரைத்தல். கெஞ்சுதல் என்ற பொருள் அதிலிருந்து வளர்ந்தது. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் பாண்டியன் அவைக்கு வந்த கண்ணகி, உலகில் நீதி தழைக்க வேண்டும் என்று பொதுப்பட வேண்டிவிட்டுப் போகவில்லை. தன் ஊர் எது என்று சொன்னாள். தன் கணவன் யார் என்று சொன்னாள். தன் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் எது என்று சொன்னாள். வழக்கு என்றால் அதற்கு ஊரும் பேரும் பரலும் வேண்டும். திருப்பாடல்கள் நூலின் புலம்பல் பாடல்களும் இப்படித்தான் பேசுகின்றன: பகைவர் செய்தது இன்னது, நண்பர் விலகியது இவ்வாறு, எலும்பு நோவது இப்படி என்று.

இனி நம் ஞாயிறு மன்றாட்டைக் கேட்போம். முதலில் ‘அன்பின் ஊற்றே இறைவா’ என்பது போன்ற ஒரு விளி. அடுத்து, இறைவனுக்குத் தெரியாதது போல அவருக்கே நினைவூட்டப்படும் ஒரு விவிலியச் செய்தி. அதன்பின் உணர்ந்து, தெளிந்து, களைந்து, வளர்ந்து, சான்று பகர்ந்து என்று வினையெச்சங்கள் கைகோத்து வருகின்றன. கடைசியில் ‘வரமருள வேண்டும்’ என்று ஒரு முடிவு. வினையெச்சம் தமிழுக்கு வாய்த்த அரிய கருவி. ஒரு செயலின் பின் மற்றொரு செயல் நடந்துகொண்டே போவதை அதைப்போலக் காட்டவல்லது வேறில்லை. ஆனால் இங்கே செயல் என்று ஒன்று நடப்பதே இல்லை. யார் எதை எப்போது உணர வேண்டும் என்று கேட்டால் விடையில்லை. ஒரு மன்றாட்டை ஆறு மாதம் கழித்து வேறொரு மறைமாவட்டத்தின் வேறொரு பங்கில் வாசித்தாலும் எவருக்கும் வேறுபாடு தோன்றாது என்றால், அது எந்தப் பங்கின் மன்றாட்டு?

இதில் இன்னொரு கோளாறும் உண்டு. அது பலர் கவனிக்காதது. உரோமை முறையில் வாசிப்பவர் கடவுளை நோக்கிப் பேசுவதில்லை. மக்களை நோக்கிக் கருத்தை அறிவிக்கிறார். இன்னாருக்காக வேண்டுவோம் என்று அவர் சொல்ல, மக்கள் தங்கள் மறுமொழியாலோ மௌனத்தாலோ வேண்டுகின்றனர். வேண்டுவோர் மக்கள், வாசிப்பவர் அழைப்பவர் மட்டுமே. நம் கோயில்களிலோ பெரும்பாலும் வாசிப்பவரே கடவுளை விளித்து, வேண்டுதல் முழுவதையும் தாமே செய்து முடித்துவிடுகிறார். மக்களுக்கு மிஞ்சுவது ‘கேட்டருளும்’ என்னும் ஒரு முத்திரை. நீண்ட வாக்கியம் எங்கே முடியும் என்று காத்திருந்து, குரல் சற்றுத் தாழ்ந்ததும் பழக்கத்தால் அதைக் குத்திவிடுகிறோம். சில வேளைகளில் வாக்கியம் முடியுமுன்பே குத்திவிடுவதும் உண்டு. அதற்காக மக்களைக் குறை சொல்வதற்கில்லை.

அச்சிட்ட கையேடுகளை இங்கு நாம் பழிக்கவில்லை. தாய்மொழித் திருப்பலி வந்த புதிதில், எழுதிப் பழக்கமில்லாத சிற்றூர்ப் பங்குகளுக்கு அவை ஊன்றுகோலாக இருந்தன. வாரம் தவறாமல் ஞாயிறுகளுக்கெல்லாம் எழுதித் தந்த குருக்களின் உழைப்பு பெரிது. ஊன்றுகோலை ஊன்றி நடந்தவர் காலையே மறந்துவிட்டதுதான் நம் குறை. இன்று பல பங்குகளில் அன்பியங்கள் முறைவைத்து ஞாயிறு வழிபாட்டை ஏற்று நடத்துகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் சனிக்கிழமை மாலை நடப்பது என்ன? முதல் வாசகம் யாருக்கு, இரண்டாம் வாசகம் யாருக்கு, காணிக்கைப் பவனியில் யார் யார் என்று பங்கீடு நடக்கிறது. மன்றாட்டு மட்டும் எங்கிருந்தோ வாட்ஸ்அப்பில் வந்து, நகலெடுக்கப்பட்டு, ஐந்து துண்டுகளாகக் கிழிக்கப்பட்டு, ஐந்து பேர் கையில் போகிறது. ‘வாசிப்பது யார்?’ என்ற கேள்விக்குச் சண்டையே நடப்பதுண்டு. ‘எதற்காக மன்றாடுவது?’ என்று ஒருவரும் கேட்பதில்லை.

அப்படியே ஊர்ச்செய்தி ஏதேனும் நுழைந்துவிட்டால், அது பெரும்பாலும் புதிய ஒலிபெருக்கி வாங்கித் தந்தவரின் குடும்பமாக இருக்கும்.

பேசாமல் விடப்படுவனவற்றையும் ஒரு படைப்பின் பகுதியாகவே திறனாய்வு கொள்ளும். நாட்டை ஆள்வோருக்கான மன்றாட்டு வாரந்தோறும் வருகிறது. தன்னலம் மறந்து பணிபுரிய வேண்டும் என்கிறோம். எவரும் மறுக்க முடியாத, எவரையும் சுடாத வேண்டுதல். 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினரின் உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. அது 1956இல் சீக்கியருக்கும் 1990இல் புத்த சமயத்தாருக்கும் திறந்துவிடப்பட்டது. கிறிஸ்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. நம் கோயில் இருக்கைகளில் அமர்ந்திருப்போரில் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகளுடைய கல்வியையும் வேலையையும் தொடும் செய்தி இது. அதற்கென ஆண்டுக்கொரு நாள் ஒதுக்கி, அன்று மட்டும் அந்தச் சொல்லைச் சொல்கிறோம். மற்ற ஞாயிறுகளில் ‘வேற்றுமைகளைக் களைந்து’ என்று போகிறபோக்கில் ஓர் எச்சம். சாதி என்னும் சொல் வேற்றுமை என்று மென்மையாகும்போது, கல்லறையில் சுவர் எழுப்பிப் பிணத்தையும் பிரித்த ஊர்களில் அதைக் கேட்டு நிற்போர் எவரும் தம்மைப் பற்றிய பேச்சு என்று நினைக்கமாட்டார். சொல்லைத் தேர்ந்தவர் அதை நோக்கமாகக் கொண்டிருக்கமாட்டார் என்றே நம்புகிறோம். விளைவு என்னவோ அதுதான்.

நம் மக்களுக்கு மன்றாடத் தெரியாதா? தெரியும். புதன்கிழமை மாலையில் சகாய அன்னை நவநாளுக்கு வந்து பாருங்கள். செவ்வாயில் புனித அந்தோனியார் பீடத்தின் அருகே நின்று பாருங்கள். பெட்டியில் விழும் துண்டுத் தாள்களில் தமிழ் உயிரோடு இருக்கிறது. மகனுக்கு விசா கிடைக்க வேண்டும். மருமகள் சினந்து தாய்வீடு போய் நாலு மாதமாகிறது, திரும்பி வர வேண்டும். அடகு வைத்த நகை மூழ்குமுன் மீட்க வேண்டும். கணவர் குடியை விட வேண்டும். எச்சத்தொடர் கிடையாது. விளி ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. கேட்பது இன்னது என்று கேட்பவருக்குத் தெரிகிறது. எழுத்துப்பிழை மலிந்த இந்தத் தாள்களை ஞாயிறு மன்றாட்டின் பக்கத்தில் வைத்துப் படித்தால், எது நல்ல உரைநடை என்று சொல்ல இலக்கணப் புலவர் தேவையில்லை. ஆக, நம் வாரம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது: உண்மையான துயரம் புதன்கிழமைக்கு, அலங்காரமான வேண்டுதல் ஞாயிற்றுக்கிழமைக்கு. ஊர் முழுவதும் கூடும் பலியில் தன் துயருக்கு இடமில்லை என்று கண்ட மனிதர், அதைத் தனியே, புனிதரின் காதோடு சொல்லப் பழகிவிட்டார். அவருடைய நகையும் மகனும் மருமகளும் சமூகத்தின் கவலையாவது இதனால் தடைப்படுகிறது. நவநாள் பக்தியைக் குறைத்து இதைச் சொல்லவில்லை. அத்தாளில் உள்ள நேர்மை ஞாயிறு பீடத்துக்கும் ஏறக்கூடாதா என்பதே நம் கேள்வி.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. அன்று காலை நாகை, வேளாங்கண்ணி, குளச்சல் கரைகளைக் கடல் கொண்டுபோயிற்று. அடுத்த ஞாயிறு, 2005 ஜனவரி 2, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கிப் புயல் வீசியது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மக்களுள் பலர் அப்போது கடலில் இருந்தனர். அதற்கடுத்த ஞாயிறு, டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அக்கரையின் திருத்தூதர் புனித பிரான்சிஸ் சவேரியாரின் நாளும் அதுவே. அந்த ஞாயிறுகளுக்கென அச்சான கையேடுகள் எல்லாம் புயலும் ஆழிப்பேரலையும் பிறக்குமுன் அச்சேறியவை. விழித்திருத்தலின் அருமையை உணர்ந்து வாழ வரம் கேட்கும் பக்கம் அதில் இருந்திருக்கும். கரையிலோ நான்கு நாளாகக் கண் மூடாமல் விழித்திருந்த பெண்கள் இருந்தனர். அத்தகைய நாளில் அக்கரைப் பங்குகள் எவையும் கையேட்டைப் பார்த்து வாசித்திருக்க மாட்டா. துயரம் முற்றிய இடத்தில் சொல் தானாகவே பிறந்துவிடும். நாம் கேட்பது, கடலோரம் அல்லாத பங்குகளைப் பற்றி. பேரழிவு நேராத ஞாயிறுகளைப் பற்றி.

மிகப் பழமையான வடிவமும் தேவை வந்தபோது இளகிக் கொடுத்திருக்கிறது. பெரிய வெள்ளியின் பெரு மன்றாட்டுகள் பத்து. இன்னாருக்காக என்று கருத்து அறிவிக்கப்படும், முழங்காலிட்டு மௌனம், பிறகுதான் குருவின் மன்றாட்டு. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோயின்போது, இந்தப் பத்துடன் நோயுற்றோருக்கும் இறந்தோருக்கும் எனச் சிறப்புக் கருத்து ஒன்றைச் சேர்த்துக்கொள்ள உரோமை ஏற்பாடு செய்தது. ஏப்ரல் 10ஆம் நாள் நம் நாட்டுக் கோயில்களில் அது சொல்லப்பட்டபோது ஊரடங்கால் இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன. மக்களில்லாத கோயிலில் மக்களின் மன்றாட்டு. அந்த ஆண்டு நமக்கு உறைத்த அந்த வெறுமை, மக்கள் திரும்பி வந்து நிறைந்த பின்னும் இப்பகுதியில் மட்டும் நீங்கவில்லையோ என்று ஐயுறுகிறோம்.

திருப்பலி நூலின் விதிகள் கேட்பது மிகக் கொஞ்சம்: மன்றாட்டு அடக்கமாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும், ஞானமிக்க உரிமையோடு தொடுக்கப்பட வேண்டும், குழுமம் முழுவதன் வேண்டலாக ஒலிக்க வேண்டும். வரிசையும் எளியது. திருச்சபை, ஆள்வோரும் உலகமும், துன்புறுவோர், நம் பங்கு. தொடக்க அழைப்பும் முடிவு வேண்டுதலும் குருவுக்குரியவை. நடுவில் இருப்பவை நம்முடையவை. சனிக்கிழமை மாலை அன்பியம் கூடும்போது, வாசிப்பது யார் என்று கேட்குமுன், இந்த வாரம் நம் தெருவில் இறந்தவர் யார், மருத்துவமனையில் இருப்பவர் யார், வேலை போனவர் யார், கடலில் இருப்பவர் யார் என்று நான்கு கேள்விகள் கேட்டால், ஒரு தாளின் பாதி நிறைந்துவிடும். மறைக்க வேண்டியதை மறைக்கும் நாகரிகம் நம் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பெயர் சொல்லக்கூடாத துயரைப் பெயரில்லாமல் சொல்லும் வித்தையை அவர்கள் அறிவர். உலகத்தை மறந்து தெருவோடு நின்றுவிடும் ஆபத்து இதில் உண்டே என்பாருக்கு ஒன்று சொல்வோம். தன் தெருவின் துயரைச் சரியான சொல்லில் சொல்லப் பழகிய நாவுக்குத்தான் காசாவின் துயரையும் மணிப்பூரின் துயரையும் எச்சங்களுக்குள் புதைக்காமல் சொல்ல வரும். வாக்கியம் ஒன்று போதும். ‘இருபது நாளாகக் கரை திரும்பாத இரு படகுகளுக்காகவும், அவற்றில் உள்ளோரின் வீடுகளுக்காகவும் மன்றாடுவோம்.’ அதன்பின் வாசிப்பவர் அடுத்த தாளுக்கு விரையாமல், மூச்சு இரண்டு விடும் நேரம் நிற்கட்டும். ஒலிபெருக்கி சும்மா இருக்கும் அந்த நேரத்தில், பின்வரிசையில் நிற்பவர் தம் படகையும் அதில் ஏற்றிக்கொள்வார்.