மேலாளும் கங்காணியும்

'முன்னேற்றம்' என்கிற சொல்லைச் சந்தேகிக்காமல் கூலி உழைப்பைப் பற்றிப் பேச முடியாது. நேற்றுவரை மிஷினில் நின்றவனிடம், இனி நீ நிற்க வேண்டாம், நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். ஒத்துக்கொண்டவனைத் 'துரோகி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற நம் தோழர்களும், 'கெட்டிக்காரன், பிழைச்சுக்கிட்டான்' என்று மெச்சுகிற ஊராரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இரு தரப்பும் ஆளைப் பார்க்கிறது. அவன் போய் உட்காருகிற இடத்தைப் பார்ப்பதில்லை.

எனக்கு ஊர் அரியக்குடி. எங்கள் பக்கத்தில் அந்த இடத்துக்குப் பெயரும் உண்டு, வரலாறும் உண்டு. செட்டிநாட்டிலிருந்து பர்மா, மலேயா, இலங்கை என்று போன வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படி வைத்திருந்தார்கள். மேலாள் கையில் முதலாளி எழுதிக்கொடுத்த முக்தியார் இருக்கும். மூன்று வருஷக் கணக்கு, சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம், பெண்டுபிள்ளைகள் ஊரிலேயே. கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற முதலாளிக்கு அதுவே பிணை. ஏணி என்னவோ உண்மைதான். ஆனால் பெரும்பாலும் ஒரே சாதிக்குள் சாத்தி வைத்த ஏணி.

ப. சிங்காரம் இதே சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரிக்காரர். 1938இல் பிழைப்புக்கு மேடான் போனவர். 1959இல் வந்த அவருடைய 'கடலுக்கு அப்பால்' நாவலைக் காதல் கதையாக வாசிக்கலாம். நான் அதை மேலே ஏற விடாமல் தடுக்கப்பட்ட ஒரு கடையாளின் கதையாக வாசிக்கிறேன். பினாங்கு வட்டிக்கடை ஆளான செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து சண்டைக்குப் போய்த் திரும்புகிறான். முதலாளி அவனுக்குத் தன் மகள் மரகதத்தைத் தர மறுக்கிறார். பட்டாளத்துக்குப் போனவன் கடைக்கு ஆக மாட்டான் என்பது அவர் கணக்கு. கணக்கெழுதத் தெரியுமா என்பதல்ல கேள்வி, இன்னும் பணிவானா என்பதுதான். மாப்பிள்ளைக்கும் மேலாளுக்கும் தேவைப்படும் தகுதி ஒன்றே என்பதை இந்த நாவல் போட்டு உடைக்கிறது.

வட்டிக்கடை ஒரு பக்கம் என்றால், அதே காலத்தில் கடல் தாண்டிய கூலிகளின் பக்கம் இன்னொன்று. பூக்கோவைப் படித்துத்தான் கண்காணிப்பு என்றால் என்னவென்று நாம் கற்றோமாம்! இலங்கைத் தோட்டத்துக் கூலிக்கு அது முன்பே 'கங்காணி' என்ற பெயரில் நடமாடிக்கொண்டிருந்தது. அவனும் ஒரு காலத்தில் கூலியாக இருந்தவன்தான் பல இடங்களில். தன் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை பேருக்குத் தலைக்காசு அவனுக்கு. ஆக, காய்ச்சலில் படுத்தவளை லயத்திலிருந்து எழுப்புவதில் அவனுக்கே லாபம். கூலியின் கடனை எழுதிய 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி ஒழியவில்லை. கெட்டவனாக இருக்க அவனுக்குத் தனியாக மனசு வேண்டியதில்லை, அந்தச் சம்பள ஏற்பாடே போதும்.

இன்றைக்கு வருவோம். மில்லில் நாள்கூலிக்கு நிற்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், "அண்ணே, சூப்பர்வைசர் ஆக்குறேங்கிறாங்க, மாசம் இருபத்திரெண்டாயிரம். ஒத்துக்கிறவா?" என்று கேட்டான். சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? மேற்பார்வை வேலை பார்த்து, குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்குகிறவன் 'தொழிலாளி' அல்ல. அந்தத் தொகை 2010இல் 10,000 ரூபாய் ஆனது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் 18,000. கோட்டைத் தாண்டியவனை வேலையை விட்டு நீக்கினால் தொழில் தகராறு எழுப்ப முடியாது. ஆனால் 1985இல் சிபா கெய்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், பதவியின் பெயரைப் பார்க்காதே, முக்கியமாக என்ன வேலை செய்கிறான் என்று பார் என்றது. நம் விமர்சனத்துக்கும் இதுதான் அளவுகோல்.

எனவே அவன் கேட்க வேண்டியது 'போகலாமா' என்பதல்ல. ஒரு ஆளுக்கு லீவு கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டா? நான் எழுதிக்கொடுத்தால் கூலி ஏறுமா? உற்பத்தி குறைந்தால் மட்டும்தான் என்னைக் கூப்பிடுவீர்களா? மூன்றாவதற்கு மட்டுமே 'ஆமாம்' என்றால், அது பதவி இல்லை. பழி சுமக்கிற வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டங்களில் பெரிய கங்காணிகள் பெரும்பாலும் தலித் அல்லாதவர்கள். கொழுந்து கிள்ளியவர்களில் கணிசமானோர் தலித்துகள். தன் தெருவிலிருந்து முதன்முதலாக ஒரு நாற்காலிக்குக் கூப்பிடப்படுகிறவனிடம் 'வேண்டாம் தோழர், அது ஆளும் வர்க்கத்தின் நாற்காலி' என்று சொல்வது, பிறந்ததிலிருந்தே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ரொம்பச் சுலபம். அவன் உட்காரட்டும். யார் பார்வைக்காக அவனை அங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதை அவனோடு சேர்ந்து கேட்பதும், அவன் அதிகாரத்தை எழுத்தில் வாங்கச் சொல்வதும், சங்கத்தின் கதவை அவன் முகத்தில் சாத்தாமல் இருப்பதும் நம் வேலை. சட்டம் அவனைத் தொழிலாளி இல்லை என்று சொல்லிவிட்டது. நாமும் அதையே ஏன் சொல்ல வேண்டும்?