நுணுகிக் கற்றலும் இலக்கிய நயமும்

இலக்கியம் கற்போர் பலர். அதனை நுணுகிக் கற்போர் சிலர். கதையை அறிதலும் கருத்தை அறிதலும் கற்றலின் தொடக்கமேயன்றி முடிவல்ல. புலவன் தன் கருத்தை ஏன் இச்சொல்லாற் சொன்னான், ஏன் இம்முறையில் வைத்தான், எதனைச் சொல்லாது விட்டான் என வினவும்பொழுதே திறனாய்வு பிறக்கின்றது. இங்ஙனம் வினவுதல் யாழைப் பிரித்து இசையைத் தேடுவதை ஒக்கும், சுவையைக் கெடுக்கும் என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஒரு செய்யுளைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுணுகிக் கற்றல் நமக்குப் புதிதன்று. பரிமேலழகர் முதலிய உரையாசிரியர்கள் ஓர் உம்மைக்கும் ஏகாரத்துக்கும் பொருள் கண்டவர்கள். மேனாட்டிலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. றிச்சர்ட்ஸ் என்பார், புலவர் பெயரை மறைத்துச் செய்யுள்களை மாணவர்க்குக் கொடுத்து, அவர்கள் எழுதிய கருத்துக்களை ஆராய்ந்து 1929 இல் ஒரு நூலாக வெளியிட்டார். பெயரின் துணையின்றிச் செய்யுளை மதிப்பிடுவது நன்கு பயின்றோர்க்கும் எளிதன்று என்பதை அந்நூல் காட்டிற்று. நம்மவர் உரைநெறியும் றிச்சர்ட்ஸ் காட்டிய நெறியும் ஓரிடத்திலே சந்திக்கின்றன: செய்யுளின் சொற்களே முதற்சான்று என்பதே அவ்விடம்.

குறுந்தொகையின் 25 ஆம் செய்யுளை எடுத்துக்கொள்வோம். கபிலர் பாடியது, ஐந்தே அடிகளை உடையது. களவிலே கூடிய தலைவன் வரைவை நீட்டித்தபொழுது தலைவி தோழிக்குக் கூறுவதாக அமைந்தது. அன்று வேறெவரும் அங்கு இருந்திலர். கள்வனாகிய அவன் மாத்திரமே இருந்தான். அவன் சொல் தவறினால் அவள் செய்யக்கூடியது யாது? தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களை உடைய ஒரு குருகும் அங்கே நின்றது. அதுவோ ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்து நின்றது. பொருள் இவ்வளவே.

மேலோட்டமாகப் படிப்போர்க்கு ஒரு முரண் தோன்றும். எவரும் இல்லை என்று தொடங்கியவள் ஒரு குருகு உண்டு என்று முடிப்பானேன்? ‘யார்’ என்னும் வினா உயர்திணைக்கு உரியது, குருகு அஃறிணை. ஆதலின் இலக்கணப்படி முரண் இல்லை. ஆயினும், மக்களில் ஒரு சான்றையும் காணாதவள் அஃறிணையிலாவது ஒன்றைத் தேடுகின்றாள். தேடிக் கண்ட அதுவும் வாய் பேசாதது. அதன் கண்ணும் இரைமேலதே. இருந்த சான்றும் பயன்படாச் சான்று என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவலத்தை மிகுவிப்பது அம்மௌனமே.

இனி, அக்குருகின் அலகையோ இறகையோ கூறாது கால்களை மாத்திரம் கூறியது ஏன்? செய்யுள் காரணம் சொல்லவில்லை. நாணத்தினால் தலைகவிழ்ந்து நின்ற பெண்ணின் பார்வைக்கு எட்டுவது, நீரில் நின்ற பறவையின் கால்களே என்று கொள்ளுதல் பொருந்தும். அக்கால்களுக்குத் தினைத்தாளை உவமையாக்கியதும் கருதத்தக்கது. தினை குறிஞ்சிக்குரிய பயிர். தினைப்புனம் காக்கும் பெண் தான் நாளும் காணும் பொருளைக்கொண்டே நீர்ப்பறவையை அளக்கின்றாள். அன்றைய பொழுதை அவள் எத்துணைக் கூர்மையாக நினைவில் வைத்துள்ளாள் என்பதும் இவ்வுவமையாற் புலனாகும். குருகு காணாததை அவள் கண்டிருக்கின்றாள்.

சொற்களை எண்ணிப் பார்ப்பதும் பயனுடைத்து. தலைவனைக் குறிக்கும் ‘தான்’ என்னும் சொல் இச்செய்யுளில் மூன்று முறை வருகின்றது. தன்னைக் குறிக்கும் ‘யான்’ ஒரு முறையே வருகின்றது, அதுவும் செய்வதறியாத வினாவினுள். எல்லாம் அவன் கையிலே உள்ளன என்பதை இதனினும் சுருக்கமாகக் கூறல் அரிது. தொடக்கத்தில் அவனைக் கள்வன் என்றவள், இறுதியடியில் அன்றைய நிகழ்ச்சியை மணத்தல் என்னும் சொல்லாற் குறிக்கின்றாள். அவன் கள்வனாயினும் அவளுக்கு அது மணமே. சினமும் அன்பும் ஒருங்கே நிற்கும் இந்நிலையே செய்யுளின் உயிர் என்க.

ஆரலைக் கவர நிற்கும் குருகு தலைவனே, ஆரல் தலைவியே என உட்பொருள் காண்பாரும் உண்டு. அந்நிழல் செய்யுளிற் படிவதை மறுத்தற்கில்லை. ஆனால், குருகு என்னும் சொல்லோடு இயைந்த உம்மை, அவனோடு அதுவும் இருந்தது என இரண்டையும் வேறுபடுத்துகின்றது. ஆகவே இரண்டும் ஒன்றே எனத் துணிதல் சொல்லுக்கு அப்பாற் செல்வதாகும். நுணுகிக் கற்றல் கற்பனைக்கு இடந்தரும். அதற்கு எல்லையும் இடும்.

நம் பாடசாலைகளில் ‘நயம் எழுதுக’ என்னும் வினாவுக்கு விடையெழுதும் முறையை ஈண்டுக் கருதுதல் வேண்டும். சொல்நயம், பொருள்நயம், ஓசைநயம் எனத் தலைப்பிட்டு, எச்செய்யுளுக்கும் பொருந்தும் புகழுரைகளை நிரப்பினால் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அம்மாணவன் கபிலரைக் கற்றவனாகான். கபிலரைப் பற்றிய பாராட்டைக் கற்றவனே ஆவான். பிறர் மதிப்பீட்டை மனனம் செய்து பழகியவன், நாளை ஒரு புதிய நூல் தன் கைக்கு வரும்பொழுது அது நன்றா தீதா என்று கூறும் ஆற்றலின்றி நிற்பான். அவ்விழப்பு அவனோடு நில்லாது. நல்ல நூலை இனங்காண்போர் குன்றிய சமூகத்திலே நல்ல நூலும் குன்றும்.

ஆராய்ச்சி சுவையைக் கெடுக்கும் என்ற கூற்றுக்கு விடை இச்செய்யுளிலேயே உளது. கால்களையும் உம்மையையும் எண்ணிக் கண்டபின் அத்தலைவியின் கலக்கம் நமக்குக் குறைந்ததா, மிகுந்ததா? மாணவர்கள் உரையைத் திறக்குமுன் செய்யுளை மும்முறை வாய்விட்டுப் படிக்க. ஐயமுற்ற சொல்லைக் குறித்து வைக்க. பின்னரே உரையை நாடுக. ஆண்டுக்கு ஐந்து செய்யுள்களை இங்ஙனம் கற்றாலும் அவை வாழ்நாள் முழுதும் உடன்வரும்.