நீருள் எழும் மொழி
கற்பனை விளையாட்டுகளிற் கடல்வாழ் இனங்களின் பேச்சு

மொழிக்கு உடம்பு வளி. உந்தியினின்றும் எழும் வளியானது நெஞ்சு, மிடறு, தலை என்னுமிடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலிகளாகப் பிறக்கும் முறையைத் தொல்காப்பியப் பிறப்பியல் விரித்துரைக்கின்றது. இக்கால ஒலியியலும் இவ்வடிப்படையை மறுப்பதன்று. அங்ஙனமாயின், வளி வழங்காத கடலடியில் வாழும் அறிவுடைய ஓரினம் எவ்வாறு பேசும்? கற்பனைக் கதைகளைப் படைப்போர் இவ்வினாவுக்கு விடை காணாது கடந்து செல்லுதல் அரிது.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974 இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுள் முன்னோடியாயது. மேசையைச் சூழ்ந்திருப்போர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். கதை நடத்துநர் ஒருவர் உலகையும் ஏனையோரையும் வருணிப்பர். ஐயமான செயல்களின் முடிவைப் பகடை கூறும். 1975 இல் வெளிவந்த 'பிளாக்மூர்' என்னும் துணைநூல் சகுவாகின் முதலிய கடல்வாழ் இனங்களை இவ்விளையாட்டினுட் புகுத்தியது. அன்று தொட்டு அவ்வினங்களுக்கு மொழி வகுத்தல் விதிநூலாரின் கடனாயிற்று.

அக்கடன் எவ்வாறு இறுக்கப்பட்டது? 2014 ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலே கடல்மாந்தர் 'அக்குவன்' என்னும் நீர்மொழியையும் 'பொதுமொழி'யையும் அறிந்தவராகக் காட்டப்படுகின்றனர். அக்குவன் 'ஆதிமொழி'யின் கிளைகளுள் ஒன்று. ஆதிமொழிக்கு விதிக்கப்பட்ட வரிவடிவமோ மலைக்குகைகளில் வாழும் குள்ளரின் எழுத்து. நீரிற் கரையும் மையினும் கல்லிற் பொறித்த எழுத்து கடலடிக்குப் பொருந்துமெனினும், இப்பொருத்தம் எண்ணிச் செய்ததாகத் தோன்றவில்லை. மொழி அட்டவணை பேசுவோர் யார், எழுத்து எது என்பவற்றைக் கூறுகின்றது. ஒலி எத்தகையது என்பதைக் கூறுகின்றிலது. பெயர் உண்டு, இயல்பு இல்லை.

இயற்கையோ இத்துணை வறியதன்று. காற்றிலே செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் ஒலி, கடல்நீரிலே ஏறத்தாழ 1500 மீற்றர் செல்லும். அவ்விரைவினாலேயே நீருள் மூழ்கிய மனிதன் ஒலி வந்த திசையை அறியமாட்டாது மயங்குகின்றான். தேரைமீன் தன் காற்றுப்பையை அதிர்வித்து ஒலிக்கின்றது. கூனல் திமிங்கிலத்தின் ஒலிகள் ஒழுங்குற மீள மீள வரும் பாடல்களே என்பதை 1971 இல் றோஜர் பேயின், ஸ்கொட் மக்வே என்போர் எடுத்துக்காட்டினர். கணவாய் தன் தோலின் நிறமாற்றத்தாற் குறிப்புணர்த்துகின்றது. நீரில் எழுந்த ஒலியின் பெரும்பகுதி நீர்மட்டத்திற் பட்டு மீண்டும் நீருட் செல்லுமேயன்றிக் காற்றிற் புகாது. மட்டக்களப்பு வாவியின் இசையொலியைத் தம் நூலில் (1859) வருணித்த எமர்சன் ரெனன்ற், ஓடத்தின் மரத்திற் செவியை வைத்தவிடத்து அவ்வொலி பெரிதும் மிகுந்து கேட்டதென எழுதியமை ஈண்டு நினைக்கத்தக்கது. கடலின் குரலைக் கேட்க விரும்புவோன் தன் செவியைத் தாழ்த்துதல் வேண்டும்.

டென்மார்க்கு ஆசிரியர் அன்டர்சன் 1837 இல் வெளியிட்ட கடற்கன்னிக் கதையும் இவ்விடத்து ஒப்புநோக்கற்பாலது. மானிட வடிவு பெறும்பொருட்டு அக்கன்னி தன் நாவையே விலையாகக் கொடுக்கின்றாள். கடலின் மொழி வேறு, நிலத்தின் மொழி வேறு என்னும் எண்ணம் அக்கதையில் இடம்பெறவில்லை. எனினும் கரையேறுதற்குக் குரலே விலை என்னும் உண்மை அதில் உண்டு. விளையாட்டின் கடல்மாந்தரோ யாதொன்றும் இழவாமலே பொதுமொழி பேசுகின்றனர்.

விளையாட்டு என்பது வாயாற் பேசி ஆடப்படுவது. ஆடுவோர் திமிங்கிலம்போற் பாடுதல் இயலாது. ஆதலாற் பொதுமொழி வேண்டப்படுவதே எனச் சிலர் கூறுவர். இக்கூற்று ஓரளவு கொள்ளத்தக்கது. ஆயினும் வேற்றுமையை அழியாது காக்கும் வழியும் அவ்விதிநூல்களிலேயே உளது. சகுவாகின் இனத்தார் 120 அடி எல்லையுள் உள்ள சுறாக்களை மனத்தாலே ஏவ வல்லவர். இஃது ஏவலேயன்றி உரையாடலன்று. ஏவுவோனுக்குச் செவி வேண்டுவதில்லை. 2016 இல் விரித்துரைக்கப்பட்ட திரைற்றன் இனத்தார்க்கோ வேறொரு பேறு வாய்த்துள்ளது. நீரில் மூச்சுவிடும் விலங்குகள் அவர் சொல்லின் கருத்தை உணரும். அவ்விலங்குகள் மறுமொழியாகக் காட்டுவதை அறிதற்கு அவர்க்குத் தனியாற்றல் யாதுமில்லை. செதிலின் அசைவையும் கூட்டத்தின் திருப்பத்தையும் நோக்கியே அவர் பொருள் கொள்ளுதல் வேண்டும். பேசத் தெரிதல் வேறு, கேட்கத் தெரிதல் வேறு என்பதை இச்சிறு விதி உணர்த்துகின்றது. கடல்மொழி பற்றிய விதிகளுள் இதுவே தலையாயது எனல் மிகையன்று.

இன்னொரு விதி இதற்கு மாறாக நிற்கின்றது. 2014 ஆம் ஆண்டின் விதிகளின்படி மனிதப் பாத்திரம் பொதுமொழியோடு தான் விரும்பும் மற்றொரு மொழியையும் கற்கலாம். ஆனால் ஆதிமொழி 'அரியமொழி' வரிசையில் வைக்கப்பட்டமையால், அதனைத் தெரிந்தெடுத்தற்குக் கதை நடத்துநரின் இசைவு வேண்டும். கடல்மாந்தர் நிலத்தார் மொழியை இயல்பாகவே அறிவர். நிலத்தார் கடல்மொழியைக் கற்பதற்கோ இசைவு பெறல் வேண்டும். விதி வகுத்தோர் இதனைத் தீய நோக்கோடு செய்திலர். ஆட்டத்தின் எளிமை கருதியே செய்தனர். ஆயினும் ஒரு மொழி 'பொது' எனவும் மற்றொன்று 'அரிது' எனவும் பெயர் பெறும்பொழுது, கற்கும் சுமை எவர் தலையில் ஏறுகின்றது என்பது அப்பெயர்களாலேயே முடிவாகிவிடுகின்றது.

ஆகவே கடல்வாழ் இனத்தைப் படைப்போன் முதலில் ஆராயத்தக்கது அவ்வினம் எம்மொழி பேசும் என்பதன்று. அதனைக் கேட்டறிய வருவோன் எத்துணை முயலவேண்டும் என்பதே. அம்முயற்சியை வேண்டாத படைப்பிற் கடல் வெறும் நீலத்திரையாய் நிற்கும். முயற்சியை வேண்டும் படைப்பிலோ அது பிறிதோர் உலகமாக விரியும்.